அளவு நாடாவை எங்கே வைப்பது?

கேள்வி

டாக்டர் ஐயா, எனக்கு வயது 31. காப்பாரில் இருக்கிறேன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டுகிறேன், பெரும்பாலும் இரவு வேலை. வருகிற தை மாதம் கல்யாணம். பெண் பந்திங் பக்கம், பாலர் பள்ளி ஆசிரியை. நல்ல பெண். அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதிலிருந்தே என் ஆணுறுப்பு சிறியது என்ற கவலை எனக்கு இருக்கிறது. பள்ளி முகாமில் எல்லாரும் ஒன்றாகக் குளித்தபோது கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. இன்றைக்கும் பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில் நான் கதவுள்ள அறைக்குத்தான் போவேன். போன மாதம் வீட்டிலிருந்த இரும்பு டேப்பை வைத்து விறைத்த நிலையில் அளந்து பார்த்தேன். ஒன்பதரை சென்டிமீட்டர். கழிப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஐயா.

பசார் மாலாமில் ஒருவர் விற்ற அட்டை எண்ணெயை மூன்று மாதமாகத் தடவுகிறேன். ஒரு புட்டி 50 வெள்ளி. கூட ஓட்டும் நண்பர் 'ஆண்மை காப்பி' பாக்கெட் கொடுத்தார். குடித்தால் கொஞ்ச நேரம் பலம் வருவது போலிருக்கும், தலைவலியும் வரும், முகமெல்லாம் சூடாகும். காலையில் எழும்போது முன்பு இருந்த விறைப்பு ஒரு வருடமாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, முன்தோல் ஓரத்தில் அடிக்கடி வெடிக்கிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது. அது பரவாயில்லை, தாங்கிக்கொள்கிறேன்.

ஊசி போட்டால் பருக்கும் என்கிறார் ஒருவர். தாய்லாந்தில் ஆபரேஷன் செய்தால் நீளும் என்கிறார் இன்னொருவர். எனக்குப் பிள்ளை பிறக்குமா? கல்யாணத்தை இப்போதே நிறுத்திவிடுவது அந்தப் பெண்ணுக்கு நான் செய்யும் நல்லதா? உயரம் 169 சென்டிமீட்டர், எடை 106 கிலோ. அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தது. இரண்டு கால்விரலை எடுத்தார்கள். இப்போது அவர் இல்லை.

– பெயர் வேண்டாம், காப்பார்

பதில்

தம்பி, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு கவலையைப் பத்து வரியில் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றைப் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லி, 'அது பரவாயில்லை' என்று முடித்துவிட்டீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஒரு வரிதான். ஆனால் முதல் கவலையைத் தீர்க்காமல் இரண்டாவதைப் பேசினால் அது உங்கள் காதில் ஏறாது. முப்பது வருடம் கிள்ளானில் கிளினிக் வைத்திருந்ததில் இதை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

முதலில், எங்கிருந்து அளந்தீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் அடிக்கோலைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். பேச்சு வரவில்லை. அந்த அடிக்கோலில் சுழியம் விளிம்பிலேயே தொடங்கவில்லை, அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித்தான் தொடங்கியது. அதை அவர் கவனிக்கவில்லை. விளிம்பைத் தோலில் லேசாகத் தொடும்படி வைத்து அளந்திருக்கிறார். அவரும் உங்களைப் போலக் கொஞ்சம் உடம்புக்காரர். அளவுகோலைக் கையில் கொடுத்து, எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லித் திரைக்குப் பின்னால் அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் கையில் நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. நான் எந்த மருந்தும் கொடுக்கவில்லை.

மருத்துவர்கள் அளக்கும் முறையைச் சொல்கிறேன். தொப்புளுக்கு நேர் கீழே, உறுப்பு தொடங்கும் இடத்துக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தை போல அமுங்கி, பிறகு கெட்டியாக எலும்பு தட்டும். அளவுகோலை உறுப்பின் மேற்பக்கமாக வைத்து, அந்த எலும்பில் முட்டும்வரை அழுத்தி, அங்கிருந்து மொட்டின் நுனிவரை அளக்க வேண்டும். முன்தோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குளிர்சாதன அறை வேண்டாம், பயந்துகொண்டும் அளக்காதீர்கள், குளிருக்கும் பயத்துக்கும் உறுப்பு சுருங்கும். 169 சென்டிமீட்டர் உயரத்துக்கு 106 கிலோ என்றால் அந்தக் கொழுப்பு மெத்தை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழம் இருப்பதில் வியப்பில்லை. உங்கள் ஒன்பதரையோடு அதைக் கூட்டிப் பாருங்கள்.

இனி உலகக் கணக்கு. 2015இல் லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த டேவிட் வீல் என்ற மனநல வல்லுநரும் அவருடைய சகாக்களும், மருத்துவப் பணியாளர்களே அளவெடுத்த ஆய்வுகளை மட்டும் திரட்டி, 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்தார்கள். ஆண்கள் தாங்களே சொன்ன அளவுகளைச் சேர்க்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், மீன் பிடித்தவன் கையை அகட்டிக் காட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர், சுற்றளவு 11.66. விறைக்காத நிலையில் நீளம் 9.16. 'அது வெள்ளைக்காரன் கணக்கு' என்பீர்கள். நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. கேரளத்தில் 301 ஆண்களை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். அவர்களில் விறைத்த நிலையில் அளக்கப்பட்டவர்களின் சராசரி 13.01. விறைக்காத நிலையில் 8.21. லண்டன் தொகுப்புக்கும் கேரளத்துக்கும் விறைத்த நிலையில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

விறைக்காதபோது சிறியதாகத் தெரிகிற உறுப்பு விறைக்கும்போது அதிகம் நீள்வதும், தொங்கும்போது பெரிதாகத் தெரிவது கொஞ்சமே நீள்வதும் சாதாரணம். பள்ளி முகாமில் நீங்கள் ஒப்பிட்டது விறைக்காத நிலையை. அதுவும் சில்லென்ற தண்ணீரில், பதின்மூன்று பதினான்கு வயதில். அந்த வயதில் ஒருவன் பருவமடைந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்கு இன்னும் தொடங்கியே இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. நம்முடையதை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், அதனால் குறுகித் தெரிகிறது. அடுத்தவனுடையதைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், முழு நீளமும் தெரிகிறது.

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள், 'எனக்குச் சிறியது' என்று சிகிச்சை கேட்டு வந்த 67 ஆண்களை அளந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். அந்த 67 பேரில் மருத்துவக் கணக்கில் குறையுள்ளவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோர் 'சாதாரண அளவு' என்று மனத்தில் வைத்திருந்ததே மிகைப்பட்ட அளவு. கவலை எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சிறுவயதில் கூட்டாளிகளைப் பார்த்தபோது என்றார்கள். மீதிப் பேர் ஆபாசப் படங்களைச் சொன்னார்கள். காப்பார் பையனும் ஃபுளோரன்ஸ் பையனும் ஒரே குளியலறையில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

மருத்துவத்தில் 'மிகச் சிறிய உறுப்பு' என்று ஒரு நிலை உண்டு. அது தாய் வயிற்றில் இருக்கும்போதே இயக்குநீர் குறைவதால் வருவது. பெரியவர்களில் எலும்பில் அழுத்தி, இழுத்துப் பிடித்து அளந்தும் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் கொழுப்புக்கு மேலே வைத்து அளந்ததே அதைத் தாண்டுகிறது.

பெண் என்ன நினைப்பாள் என்பதுதான் அடுத்த கேள்வி, நீங்கள் கேட்காவிட்டாலும். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் பெண்களிடம் கேட்டார்கள். தன் துணைவரின் அளவில் நிறைவு என்று சொன்ன பெண்கள் 85 விழுக்காடு. தன் அளவில் நிறைவு என்று சொன்ன ஆண்கள் 55 விழுக்காடு. பெண்ணின் உடலில் தொடு உணர்ச்சி செறிந்திருப்பது வெளிப்புறத்திலும் வாயிலை ஒட்டிய பகுதியிலும்தான், ஆழத்தில் இல்லை. பந்திங்கில் இருக்கிறவருக்கு இந்தப் புள்ளிவிவரமெல்லாம் தேவைப்படாது. அவசரப்படாமல் இருக்கிறீர்களா, அவர் முகத்தைப் பார்க்கிறீர்களா, இரவு வேலை முடிந்து வந்து நேராகக் குறட்டை விடுகிறீர்களா என்பதெல்லாம் அவர் கணக்கில் முன்னால் நிற்கும்.

இந்தப் பயம் நம் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 'கோரோ' என்ற சொல்லே இந்தப் பக்கத்திலிருந்து மருத்துவ நூல்களுக்குப் போனது. உறுப்பு உடம்புக்குள் சுருங்கிப் போய் உயிரையே எடுத்துவிடும் என்கிற திகிலுக்கு அந்தப் பெயர். 1967ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பன்றிகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆணுறுப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று புரளி கிளம்பியது. கையால் பிடித்துக்கொண்டும், கயிற்றால் கட்டிக்கொண்டும், கவ்விகளை மாட்டிக்கொண்டும் ஆண்கள் மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள். ஒரே நாளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் சீனர்கள், ஆனால் நம்மவர்களும் மலாய்க்காரர்களும் ஒரு சிலர் இருந்தார்கள். பிறகு அமைந்த ஆய்வுக்குழு 469 பேரைப் பதிவு செய்தது. ஒருவருக்கும் எதுவும் சுருங்கவில்லை, ஒருவரும் சாகவில்லை. மருத்துவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பொறுமையாக விளக்கிச் சொன்னார்கள், சில நாள்களில் கூட்டம் வடிந்தது. 1982இல் அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் இதே கதை. மருந்தே இல்லாமல் பேச்சில் குணமான ஒரு 'தொற்று' இது.

தமிழ்நாட்டில் பேருந்து நிலையச் சுவர்களில் 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று அழைத்த சுவரொட்டிகளைப் பற்றி உங்கள் அப்பா சொல்லியிருக்கலாம். கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுத்துவிடும், விந்து ஒழுகி நரம்பு தளரும் என்று அவை ஒரு தலைமுறையையே மிரட்டின. கைப்பழக்கத்தால் எதுவும் சிறுப்பதில்லை. விந்து சேமித்து வைக்கிற சொத்தும் இல்லை, உடம்பு நாள்தோறும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. விந்து போவதால் பலம் போய்விட்டது என்று நினைத்து வதங்குகிறவர்களின் நிலைக்கு 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். அங்கே லேகியம், இங்கே அட்டை எண்ணெய். பயத்தை முதலில் விற்றுவிட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

அட்டை எண்ணெய்க்கு வருகிறேன். தோலில் தடவும் எந்த எண்ணெயும் உறுப்பை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டாது. உள்ளே இருப்பது தசையல்ல, பயிற்சியிலும் தேய்ப்பிலும் வளர்வதற்கு. பஞ்சு போன்ற இரண்டு குழாய்கள், ரத்தம் நிரம்பினால் விறைக்கும், வடிந்தால் தளரும், அவ்வளவுதான். அதற்குக் கொடுத்த பணம் போனது போகட்டும், இனி வேண்டாம்.

காப்பியை அப்படிச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. தொங்காட் அலி வேர் நம் காட்டில் விளைவது, அதன் பெயரில் வரும் காப்பிக்கும் மாத்திரைக்கும் கணக்கில்லை. அவற்றில் சிலவற்றில் சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மருந்துகளைச் சீட்டில் எழுதாமல் கலந்துவிடுகிறார்கள். நம் சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. சில்டெனாஃபில் என்றால் வயாகராவில் இருப்பது. நெஞ்சுவலிக்கென்று ஆராயப்போய் வேறு பலன் தெரிந்ததால் 1998இல் வேறு வேலைக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து. அதன் பக்கவிளைவுகளில் முதலில் நிற்பவை தலைவலியும் முகம் சிவந்து சூடாவதும். உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. வெறும் காப்பிக்கும் வேருக்கும் இந்த வேலை வராது.

அந்த மருந்து கெட்ட மருந்து அல்ல. நானே எழுதிக் கொடுக்கிறேன், நாடியையும் இதயத்தையும் பார்த்த பிறகு. நம் நாட்டில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் ஒருவர், இந்தக் காப்பியைத் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம். உங்கள் நண்பர் அந்தப் பாக்கெட்டை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று கேளுங்கள், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டுநர் யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

மருந்து வாங்கும்போது பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். காப்பி உணவுப்பொருள் என்பதால் அதில் அந்த எண்ணே இருக்காது, கள்ளக் கலப்புக்காரர்களுக்கு அது வசதி. ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. இருபது நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது, இது அவற்றில் ஒன்று. அப்படியும் ஃபேஸ்புக்கைத் திறந்தால் பத்து விளம்பரம் வருகிறது. சட்டத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, விளம்பரத்துக்கு இன்னும் வாலிபம்தான்.

ஊசியைப் பற்றி: வேண்டவே வேண்டாம். 'பருக்கும்' என்று போடப்படுவது பெரும்பாலும் பாரஃபின், சிலிக்கான், வாசலின், சில வேளைகளில் தலைக்குத் தடவும் எண்ணெய்கூட. முதல் மாதம் தடிமனாகத் தெரியும். பிறகு அந்த எண்ணெயைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாகத் தழும்பு போடும், தோல் கறுத்து அழுகும். கடைசியில் உறுப்பின் தோல் முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டு வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும். மலேசிய அறுவை மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தாய்லாந்து அறுவை என்கிறார்களே, அது உறுப்பை எலும்போடு பிடித்திருக்கும் நாரை அறுத்து, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியே தொங்கவிடுவது. விறைத்த நீளம் கூடாது. பிடிமானம் போனதால் விறைப்பு மேல் நோக்கி நிற்காமல் ஆடும். சாதாரண அளவுள்ளவர்களுக்கு இது பாதுகாப்பானது என்றோ பலன் தருவது என்றோ நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது.

இப்போது அந்த ஒரு வரி.

முன்தோல் ஓரத்தில் அடிக்கடி வெடிக்கிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது என்றீர்கள். எண்ணெய் மேல் பழி போட்டீர்கள். எண்ணெயும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் 106 கிலோ எடை, அப்பாவுக்கு இனிப்பு நீர், முப்பத்தோரு வயதிலேயே காலை விறைப்பு குறைந்தது, இவற்றோடு முன்தோல் வெடிப்பையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்வி 'சர்க்கரை பார்த்தீர்களா?' என்பதுதான். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள், லோரியில் எத்தனை தண்ணீர்ப் புட்டி காலியாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் சர்க்கரை வரும். மலாயில் 'கென்சிங் மானிஸ்', நாம் 'இனிப்பு நீர்' என்கிறோம், இரண்டும் ஒரே பொருள். முன்தோலுக்கும் மொட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஈரம் எப்போதும் தங்கும். அந்த ஈரத்தில் சர்க்கரையும் சேர்ந்தால் காளான் வகைக் கிருமிக்கு அதைவிட விருந்து கிடையாது. அரிப்பு, சிவப்பு, தயிர் போன்ற படிவு, பிறகு தோலில் நுண்ணிய வெடிப்புகள். வெடித்து ஆறி, வெடித்து ஆறித் தோல் தழும்பேறி இறுகும், கடைசியில் பின்னுக்கு இழுக்கவே முடியாமல் போகும். சுன்னத்து செய்யாத ஆண்களில் இனிப்பு நீர் முதன்முதலில் தலைகாட்டும் இடம் பல நேரம் இதுதான், காலோ கண்ணோ அல்ல. எங்கள் கிளினிக்கில் அரிப்புக் களிம்பு கேட்டு வந்து இனிப்பு நீரோடு திரும்பிய தமிழ் ஆண்களை எண்ணி முடியாது.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். இந்தக் கணக்கு வரும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தேத்தாரேவும், பிறகு எட்டு மணி நேரம் ஆசனத்தில் உட்கார்ந்தபடி ஓட்டம். உங்களைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் வேறு எந்தக் கடை திறந்திருக்கிறது?

விறைப்புக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிட மெல்லியவை. சர்க்கரையும் கொழுப்பும் புகையும் குழாய்ச் சுவரைக் கெடுக்கும்போது மெல்லிய குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் ஒருவருக்கு விறைப்பு குறைவது, இதய நோய் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அடிக்கும் மணியாக இருக்கலாம். முப்பத்தோரு வயதில் அந்த மணி அடிக்கிறது என்றால் அது வேறு எதையும்விட முக்கியம். நல்ல செய்தி, இந்த வயதில் பெரும்பாலும் திருப்பிவிடலாம்.

எடை குறைந்தால் இன்னொரு லாபம். மேலே சொன்ன கொழுப்பு மெத்தை மெலியும், உள்ளே புதைந்திருந்தது வெளியே தெரியும். எண்ணெய்ப் புட்டி கொடுக்காததை இது கொடுக்கும். டேப்பை இனி இடுப்பைச் சுற்றி வையுங்கள், தொப்புள் மட்டத்தில். நம் ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை.

பிள்ளை பிறக்குமா என்று கேட்டீர்கள். நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வேலை விதைகளுடையது. குளிக்கும்போது இரண்டு விதையும் பையில் இறங்கி இருக்கின்றனவா, அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா, கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் உருட்டிப் பாருங்கள். இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து தொங்குவது சாதாரணம். புழுக்கூட்டம் போல நரம்பு புடைத்திருந்தால் காட்ட வேண்டும், அது உயிரணுக்களைக் குறைக்கக்கூடியது, சரி செய்யவும் முடியும். விதைகளுக்கு உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவான சூடு வேண்டும், அதனால்தான் வெளியே தொங்குகின்றன. இறுக்கமான ஜீன்ஸில் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்வது அவற்றுக்கு ஆகாது. தளர்வான பருத்திக் கால்சட்டை போடுங்கள், சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது இறங்கி நடங்கள். ஓர் உயிரணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். எடை குறைக்க ஜிம்முக்குப் போவீர்கள், அங்கே ஒருவர் 'டெஸ்டோ' ஊசி போட்டுக்கொள் என்பார். வெளியிலிருந்து அந்த இயக்குநீர் வந்தால் விதைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடும். தசை ஏறும், விதை சுருங்கும், உயிரணு எண்ணிக்கை சுழியத்துக்கே போகலாம். ஆண்மைக்காக ஊசி போட்டுப் பிள்ளையில்லாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இனி செய்ய வேண்டியது. ராத்திரி ஓட்டம் இல்லாத ஒரு நாள் பார்த்து, எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், காலையில் காப்பார் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். முகப்பில் ஆணுறுப்பு, விறைப்பு என்று எதுவும் சொல்ல வேண்டாம். 'நாக் செக் கென்சிங் மானிஸ், பாப்பா சாயா அடா' (இனிப்பு நீர் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு இருந்தது) என்றால் போதும். வெறும் வயிற்றில் 7 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் இனிப்பு நீர் என்று சந்தேகிப்பார்கள், மூன்று மாதச் சராசரியையும் பார்ப்பார்கள். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் அதே நாளில் முடிந்துவிடும்.

உள்ளே போனதும் வெடிப்பைக் காட்டுங்கள். பெண் மருத்துவராக இருந்து வெட்கமாக இருந்தால் ஆண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காளானுக்குக் களிம்பு தருவார்கள். சர்க்கரை இறங்காமல் களிம்பு மட்டும் போட்டால் அது திரும்பத் திரும்ப வரும். இனிப்பு நீருக்கான சில புதிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை, அவற்றால் இந்த அரிப்பு கூடலாம். மாத்திரை எழுதும்போது உங்களுக்கு இந்தத் தொல்லை இருப்பதை நினைவுபடுத்துங்கள்.

வீட்டில் தினமும் முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னே தள்ளியபடியே விட்டால் கழுத்தில் சுருக்கு விழுந்தது போல வீங்கிவிடும். அது நடந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. சோப்பும் டெட்டாலும் போடாதீர்கள். தோல் இறுகி இழுக்கவே முடியாத நிலை வந்தால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே முன்தோலை நீக்கலாம் என்று சொல்லக்கூடும். 'சுன்னத்து செய்தால் மதம் மாறியதாகிவிடுமே' என்று ஒரு தாய் என் முன்னால் அழுதிருக்கிறார். ஆகாது. அறுவைச் சீட்டில் நோயின் பெயர்தான் இருக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் அந்தப் பெண்ணிடம் சர்க்கரை இருப்பதையோ இல்லாததையோ சொல்லிவிடுங்கள். அளவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், சொல்ல ஒன்றும் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது எண்ணெய்ப் புட்டியையும் காப்பிப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். மருந்தகப் பிரிவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.